விளக்குப் பொடியும் ஹெல்மெட் கண்ணாடியும்

அழகப்பனின் பைக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் எந்நேரமும் அடுத்தவர் பல் இருக்கும். ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டு மாடியில் பல் செட் செய்யும் லேப் ஒன்று உண்டு. அங்கே அவர் டெஸ்பாட்ச் ரைடர். ஈசூன், பிடோக், தோ பாயோ என்று தீவு முழுக்க உள்ள பல் கிளினிக்குகளில் எடுத்த அச்சுகளை வாங்கி வந்து லேப்பில் கொடுப்பார். லேப்பில் செய்து முடித்த பற்களைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். “நான் ஒரு நாள் எம்சின்னு லீவு எடுத்தா, பாதி சிங்கப்பூர் அன்னைக்குக் கஞ்சிதான் குடிக்கணும் லா” என்று பெருமையடித்துக்கொள்வார். கல்யாண விருந்தில் எதிரே உட்கார்ந்தவர் ஆட்டிறைச்சியைக் கடித்தால் அழகப்பன் அவர் வாயையே உற்றுப் பார்ப்பார். அது பசியில் பார்க்கும் பார்வை இல்லை என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

வயது அறுபதைத் தாண்டியும் பைக்கை விடவில்லை. மழைக்காலத்தில் கால்சட்டைக்கு மேல் பிளாஸ்டிக் கால்சட்டை, அதற்கு மேல் ஒளிரும் பட்டை போட்ட மேல்சட்டை, தலையில் கறுப்பு ஹெல்மெட் என்று கிளம்பினால், பொங்கோலில் அவர் குடியிருக்கும் புளோக்கின் லிஃப்டில் அவரோடு ஏறும் குழந்தைகள் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கி அவர் சிரித்த பிறகுதான் வெளியே வரும்.

மனைவி பூவம்மா அதே பேட்டையில் ஒரு பாலர் பள்ளியில் சமையல் செய்கிறாள். அவளுக்கும் அவருக்கும் வெள்ளிக்கிழமையில் ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் அவள் பொங்கோலில் ரயில் ஏறி ஃபேரர் பார்க்கில் இறங்குவாள். கைப்பையோடு தன் ஹெல்மெட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு லேப்புக்கு வருவாள். இருவரும் காளியம்மன் கோயிலுக்கு நடப்பார்கள். கும்பிட்டு முடித்து, தேக்கா சந்தையில் ஆளுக்கொரு தோசையும் கோப்பியும் சாப்பிட்டுவிட்டு, பைக்கில் வீடு திரும்புவார்கள். கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம் அது. நடுவில் பைக் நாலைந்து மாறிவிட்டது. பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்புப் பட்டையை ஒற்றை விரலால் பிடித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் மாறவில்லை. மகள் இனியா கேலி செய்வாள். “ரெண்டு பேரும் இன்னும் டேட்டிங் போறீங்களா? சோ ஸ்வீட் லா” என்பாள். பூவம்மாவுக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமையும் விட்டதில்லை.

வெள்ளிக்கு முந்திய வியாழன், விளக்குத் தேய்க்கிற நாள். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, மணி, தட்டு எல்லாம் அடுப்படித் தொட்டிக்கு வந்துவிடும். முதலில் புளிக்கரைசல், அடுத்து பச்சை ஸ்பாஞ்சில் விளக்குப் பொடி, பிறகு தண்ணீர், கடைசியில் பழைய வேட்டித்துணி. வெள்ளி காலையில் அழகப்பன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சாமி அலமாரி முன்னால் குனிந்து பார்ப்பார். “இந்த அடித்தண்டுல கறுப்பு அப்படியே இருக்கு பாரு.” “மணியோட நாக்கைத் தேய்க்கவே இல்லையா?” பூவம்மாவுக்கு எரிச்சலாக வரும். “இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு” என்று முணுமுணுப்பாள். ஆனால் அந்த இன்ஸ்பெக்டருக்காகத்தான் அவள் அடித்தண்டை அத்தனை அழுத்தித் தேய்ப்பாள் என்பதும் உண்மை.

டிசம்பர் மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. அழகப்பன் நனைந்து வந்து, ஹெல்மெட்டைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். கண்ணாடி முழுக்கச் சேறும், லாரி அடித்த அழுக்குத் தண்ணீரும், செத்த பூச்சியும். பூவம்மா பார்த்தாள். பாவம் மனுஷன், இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் ரோட்டைப் பார்க்கிறாரோ என்று மனசு இளகிவிட்டது. தொட்டியில் விளக்குகள் ஊறிக்கொண்டிருந்தன. கையில் ஸ்பாஞ்சும் பொடியும் இருந்தன. கண்ணாடியைக் கழற்றத் தெரியாததால் ஹெல்மெட்டையே மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தாள். ஓரம் விடாமல், சுற்றிச் சுற்றி, குத்துவிளக்குக்குக் கொடுக்கும் அதே அக்கறையோடு தேய்த்தாள்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டு விசிறிக்குக் கீழே வைத்தாள். காயக் காய அது வெளுத்துக்கொண்டே வந்தது. முழுதும் காய்ந்தபோது, மோர் குடித்த கண்ணாடித் தம்ளரைக் கழுவாமல் வைத்தது மாதிரி ஆகிவிட்டது. மறுபடி நனைத்தாள், தெளிந்தது. துடைத்தாள், வெளுத்தது.

“என்னங்க, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்கக்கூடாது.”

“சொல்லு.” அழகப்பன் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

“உங்க ஹெல்மெட் கண்ணாடியக் கழுவுனேன்.”

“நல்லதுதானே.”

“விளக்குப் பொடி போட்டு.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்தார். ஜன்னல் பக்கம் போய், கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பூவம்மா வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தாள். சாம்பாரில் ஒரு கல் உப்பு கூடினால் கீழ்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போடுகிற மனுஷன்.

“விடு பூவு,” என்றார். “தெரியாம செஞ்சதுதானே. பாத்துக்கலாம்.”

அவள் அப்படியே நின்றுவிட்டாள். திட்டியிருந்தால் அழுது தீர்த்து, அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். திட்டாதது என்னவோ செய்தது.

அழகப்பன் ஏன் திட்டவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கொஞ்ச மாதமாகவே அவருக்குப் பார்வை சரியில்லை. எதிரே வரும் வண்டியின் விளக்கு பூத்துப் பெரிதாகிக் கண் முழுவதையும் அடைத்தது. சுரங்கச்சாலைக்குள் நுழைந்தால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வளையம் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தார், இந்தோனேசியக் காட்டுத்தீயால் வரும் புகைமூட்டத்தைக் குறை சொன்னார். புகைமூட்டம் இல்லாத மாதத்திலும் குறை சொன்னார். உள்ளுக்குள் அவருக்குத் தெரியும். அவர் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் கண்ணில் புரை எடுத்த பிறகு, சோடாபுட்டிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர், கடைசி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. வானொலிதான் அவருக்கு உலகம். அந்த நாற்காலிதான் அழகப்பனுக்குப் பயம். கண் போனால் பைக் போகும். பைக் போனால் அந்த நாற்காலி. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது மனைவியே ஒரு சாக்கைத் தேய்த்துக் கொடுத்துவிட்டாள். பார்வை மங்கலா? கண்ணாடி அப்படி. எதிர் வெளிச்சம் கூசுகிறதா? கண்ணாடி அப்படி. ஜன்னலோரம் நின்றபோது அவர் மனசு லேசானது, நம்ப மாட்டீர்கள், நிம்மதியில்தான்.

பூவம்மா சும்மா இருக்கவில்லை. இனியா போனைப் பார்த்துச் சொன்னாள் என்று பற்பசையைப் போட்டுத் தேய்த்தாள். கண்ணாடி மணத்தது, தெளியவில்லை. பாலர் பள்ளியில் யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தடவினாள். அது மந்திரம் போட்ட மாதிரி தெளிந்தது. மறுநாள் அழகப்பன் விரைவுச்சாலையில் போய்த் திரும்பியபோது வழியில் இருந்த தூசியெல்லாம் அதில் ஒட்டியிருந்தது.

“ஜஸ்ட் புதுசு வாங்கிடுங்க லா ப்பா,” என்றாள் இனியா. “ஒரு வைசருக்கு எதுக்கு இவ்ளோ டிராமா?”

“இந்த மாடல் இப்ப வர்றதில்லம்மா. கடையில கேட்டுட்டேன்.” அவர் கடைப் பக்கமே போகவில்லை.

“அப்ப ஹெல்மெட்டே மாத்துங்க.”

“நீ மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. அதத் தூக்கிப் போடவா?”

ஆனாலும் அவள் விடாமல் ஆன்லைனில் ஒரு கண்ணாடி வரவழைத்தாள். வந்ததை மாட்டிப் பார்த்தால், ஓரத்துக் கொக்கி ஹெல்மெட்டின் ஓட்டையில் உட்காரவில்லை. “பாத்தியா, நான் சொல்லல?” என்று அழகப்பன் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். பொருந்தாத பொருளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படும் மனுஷனை இனியா அதுவரை கண்டதில்லை.

எல்லாவற்றையும்விட பூவம்மாவைச் சுட்டது வெள்ளிக்கிழமைதான். கோயிலுக்குப் போனார்கள், தோசை சாப்பிட்டார்கள். வெளியே வந்ததும் அவர் ரயில் நிலையத்தைக் கை காட்டினார்.

“நீ ட்ரெய்ன்ல போயிடு பூவு. கண்ணாடி சரியாவுற வரைக்கும் பின்னால உக்காராத.”

“மெதுவா போகலாமே?”

“வேணாம்னா வேணாம். சொல்றதக் கேளு.”

அவள் தன் ஹெல்மெட்டைத் துணிப்பையிலேயே சுமந்துகொண்டு ரயிலில் திரும்பினாள். அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளி ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். ரயில் பெட்டியில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன் விரலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த விரலால்தானே பொடியைத் தொட்டுத் தேய்த்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அதனால் சாமி முன்னால் நின்று ஒரு சபதம் செய்தாள். அவர் கண்ணாடி சரியாகும் வரை அந்தப் பொடியைக் கையால் தொடமாட்டேன். வியாழக்கிழமை விளக்குகளை வெறும் தண்ணீரில் அலசி வைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் சேர்ந்து குத்துவிளக்கு நாளுக்கு நாள் இருண்டது. காமாட்சியம்மனின் முகமே தெரியவில்லை. வெள்ளி காலையில் அவர் வருவார், குனிவார், என்ன இது என்று கேட்பார், கேட்டால் சபதத்தைச் சொல்லி அழுதுவிடலாம் என்று காத்திருந்தாள். அவர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். விபூதியை இட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரமும் ஒன்றும் சொல்லவில்லை.

அத்தனை கோபமா என் மேல் என்று பூவம்மா நினைத்தாள். விளக்கு கறுத்தாலும் கேட்கக்கூடப் பிடிக்காத அளவுக்குக் கோபம். சண்டை போடாத புருஷனோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதற்கிடையில் லேப்பில் ஒரு கூத்து நடந்தது. தோ பாயோவுக்குப் போக வேண்டிய பெட்டியை அழகப்பன் பிடோக்கில் கொடுத்துவிட்டார். பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டைச் சரியாகப் படிக்கவில்லை. அங்கே ஒரு சீனப் பாட்டியம்மா வாயைத் திறந்து காத்திருக்க, டாக்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே யாரோ ஒரு பெரிய தாடைக்காரரின் மேல்செட். நல்லவேளை, பாட்டியம்மா சிரித்துவிட்டாள். லேப்பில் முதலாளி சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை நடந்தா பாக்கலாம்” என்றாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று அழகப்பன் இரண்டு நாள் யோசித்தார்.

“கண்ணாடிதான் பாய் காரணம்,” என்றார் முத்தலிப்பிடம். “வெளியில இருந்து உள்ள வந்தா கண்ணே தெரியல. வீட்டுல விளக்குப் பொடி போட்டுத் தேய்ச்சுப்புட்டா.”

அப்துல் முத்தலிப் அங்கே பல் செட்டுக்கு மெருகேற்றுகிறவர். ரோஸ் நிற ஈறும் வெள்ளைப் பல்லும் கரடுமுரடாக அவர் கைக்கு வரும். சுழலும் துணிச்சக்கரத்தில் பிடித்துப் பிடித்து, வாய்க்குள் போனால் நாக்குக்கே தெரியாத வழவழப்பாக்கித் திருப்பிக் கொடுப்பார். அழகப்பனுக்கு இரண்டு வயது இளையவர். “அண்ணே” என்பார்.

“பொடியால கெட்டதா?” என்று முத்தலிப் சிரித்தார். “நானும் காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் பொடிதாண்ணே போட்டுத் தேய்க்கிறேன். வெள்ளிக்கிழமை அண்ணி வருவாங்கள்ல? கண்ணாடியக் கழட்டி வைங்க, பாத்துடுவோம்.”

அழகப்பன் அதை எதிர்பார்க்கவில்லை. “அதெல்லாம் சரியா வராது பாய். விடுங்க.”

ஆனால் முத்தலிப் விடுகிற ஆளில்லை. வெள்ளிக்கிழமை பூவம்மா படியேறி வந்ததுமே சொல்லிவிட்டார். அவள் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது. “நெசமாவா பாய்? நீங்க நல்லா இருக்கணும்.” அதற்கு மேல் அழகப்பன் என்ன செய்வார்? ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். மழை விட்டிருந்தது. லேப் முழுக்க மெழுகும் ஈரப் பிளாஸ்டரும் மணந்தது. முத்தலிப் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணி, கை பலம் ஜாஸ்தி உங்களுக்கு.”

“கேலி பண்ணாதீங்க பாய். ஏற்கெனவே நொந்துபோயிருக்கேன்.”

“இது நம்ம பல்லு பிளாஸ்டிக் இல்ல, வேற சாதி. கொஞ்சம் சூடு பட்டாலும் வெந்துரும். மேல இருந்த பூச்செல்லாம் போயிருச்சு. அதனால இப்ப தெளிஞ்சாலும் சீக்கிரம் மறுபடி கீறல் விழும். கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், புதுசு வாங்கிடணும். சரியா?”

“கொஞ்ச நாளைக்காவது தெளியட்டும் பாய்.”

சக்கரத்தை மெதுவான வேகத்தில் வைத்தார். பல்லுக்குக் கடைசிப் பளபளப்புக் கொடுக்கும் பசையைத் தொட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, பட்டும் படாமல் பிடித்தார். தொடுவார், எடுப்பார், கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். மறுபடி தொடுவார். பூவம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அழகப்பன் கொஞ்சம் தள்ளி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கீறல் ஒவ்வொன்றாகப் போகப் போக அவருடைய சாக்கும் போய்க்கொண்டிருந்தது.

கழுவி, துடைத்து, காயவைத்து, முத்தலிப் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார். அது வெளுக்கவில்லை. அதற்குப் பின்னால் அவர் முகம், நெற்றித் தழும்பு உட்பட, தெளிவாகத் தெரிந்தது.

“யா அல்லா, எனக்கே இவ்வளவு வரும்னு தெரியாது,” என்றார்.

பூவம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணாடியை மாட்டியதும் ஹெல்மெட்டைத் தானே வாங்கி, தானே புருஷன் தலையில் வைத்தாள். அவரை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். “பாருங்க. எப்படி இருக்கு?”

அழகப்பன் பார்த்தார். கீழே சாலையில் வண்டிகள் விளக்கைப் போடத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு விளக்கும் பூத்தது.

“பரவால்ல,” என்றார். “ஆனா இன்னும் கொஞ்சம் பொகையாத்தான் இருக்கு.”

“பொகையாவா?”

“ஆமா. முழுசா போகல. அந்த… அந்த ஓரத்துல.”

பூவம்மா ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். அது அவளுக்குப் பெரிது, காதுப்பக்கம் ஆடியது. எதிர்ப்புறத்துக் கட்டடத்தில் இருந்த கடைப் பலகையைப் படித்தாள். பஸ் எண்ணைப் படித்தாள். மூன்றாம் மாடியில் காயப்போட்டிருந்த துணியில் ஒரு சட்டைக்குப் பட்டன் இல்லாததுகூடத் தெரிந்தது. திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். தாடையின் இடப்பக்கம், சவரக்கத்தி படாத ஒரு திட்டில் வெள்ளை முடி வளர்ந்து நின்றது. அது இன்று நேற்று விட்டது இல்லை.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்: “நம்ம வீட்டு விளக்கு இப்ப எப்படி இருக்கு?”

“எந்த விளக்கு?”

“சாமி விளக்கு. காலையில குனிஞ்சு பாத்தீங்களே.”

“எப்பவும் போலத்தான். பளபளன்னு. அதுக்கென்ன இப்ப?”

ஹெல்மெட்டுக்குள்ளே அவள் அழுதாள். அந்தக் கண்ணாடி எவ்வளவு தெளிவாக ஆகியிருந்தது என்றால், முத்தலிப்புக்கு அவள் அழுவது வெளியே இருந்து நன்றாகத் தெரிந்தது. அவர் பசை டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அந்த டப்பாவுக்கு உள்ளறையில் எந்த வேலையும் இல்லை.

“எத்தன நாளா?” என்றாள்.

“என்னது?”

“மறைக்காதீங்க. எத்தன நாளா கண்ணு தெரியல?”

அழகப்பன் முக்காலியில் உட்கார்ந்தார். “தெரியலன்னு இல்ல. தெரியுது. வெளிச்சம் வந்தாத்தான்… நீ கண்ணாடியக் கழுவறதுக்கு முன்னாலயே இருந்துச்சு.”

“அப்ப நான் கெடுக்கல.”

“கண்ணாடியக் கெடுத்தது நீதான்,” என்றார் அவசரமாக. பிறகு குரல் இறங்கியது. “கண்ண இல்ல.”

“உங்களுக்குத் தெரிஞ்சுதான் என்னை ட்ரெய்ன்ல அனுப்புனீங்களா?”

“பின்ன? உன்னைப் பின்னால வச்சுக்கிட்டு எங்கயாவது இடிச்சுட்டேன்னா நான் என்ன செய்வேன் பூவு?”

“நான் பின்னால இல்லன்னா நீங்க மட்டும் இடிச்சுக்கலாமா? ரோட்டுல போறவன இடிக்கலாமா?” ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள், அது கொஞ்சம் பலமாகவே விழுந்தது. “நான் ரயில்ல ஒவ்வொரு வாரமும் என் கையத் திட்டிக்கிட்டுப் போனேன். நீங்க பேசாம இருந்தீங்க. கோவம்னு நெனச்சேன். சோறு எறங்கல எனக்கு.”

“எனக்குப் பயம் பூவு.” இப்போது அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். “எங்கப்பா உக்காந்திருந்தாரே, ஞாபகம் இருக்கா? அந்த நாற்காலியில. யாராவது வந்தா, ‘யாருப்பா அது’ன்னு குரலு வர்ற பக்கம் திரும்புவாரு. நீ காப்பி கொண்டுட்டு வந்தாலும் ‘யாரும்மா’ன்னுதான் கேப்பாரு. எனக்கு அது வேணாம்.”

பூவம்மாவின் கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. அந்த மாமனாருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தவள் அவள்தான். பக்கத்தில் வந்து, அவர் தாடையில் சவரம் படாத அந்தத் திட்டை விரலால் தொட்டாள்.

“அது அந்தக் காலம். என் பள்ளிக்கூடத்துல ஆயா வேலை பாக்குற ஒரு அக்கா, காலையில போயி எடுத்துட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து சீரியல் பாத்துச்சு. உள்ளேயே லென்ஸ் வைக்கிறாங்களாம். ஊசியில நூல் கோக்குது இப்ப.”

“நெசமாவா?”

“உங்க கிட்ட நான் எதுக்குப் பொய் சொல்லணும்? நீங்கதான் எங்கிட்டப் பொய் சொல்லுவீங்க.”

உள்ளறையிலிருந்து முத்தலிப்பின் குரல் வந்தது. “அண்ணே, என் மச்சானுக்கும் எடுத்தாச்சு. இப்ப கோழி சாப்பிடும்போது எலும்புல ஒட்டுனதக்கூட விடமாட்டேங்குறான். திங்கக்கிழமையே பாலிகிளினிக்குக்குப் போங்க. முதலாளிகிட்ட நான் பேசுறேன். அது வரைக்கும் உள்ள இருந்து பிளாஸ்டர் கலக்குங்க.”

“எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா பாய்?”

“இவ்வளவு சின்ன லேப்புல வேற என்னண்ணே செய்ய முடியும்?”

அன்று பைக் ஃபேரர் பார்க்கிலேயே நின்றது. கோயிலில் பூவம்மா வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். கண்ணாடி சரியாகிவிட்டது, சபதப்படி அவள் பொடியைத் தொடலாம். ஆனால் அம்மன் முன்னால் நின்று சபதத்தை மாற்றிக்கொண்டாள். கண்ணாடிக்காகச் சொன்னது இனி கண்ணுக்காக. அதை அவரிடம் சொல்லவில்லை. இருவரும் ரயிலில் ஒன்றாகத் திரும்பினார்கள். “காத்தே இல்ல இந்த ரயில்ல” என்று பொங்கோல் வரும் வரை குறை சொல்லிக்கொண்டே வந்தார் அழகப்பன். கூட்டத்தில் நின்றபடியே பூவம்மா அவர் இடுப்புப் பட்டையை ஒற்றை விரலால் பிடித்திருந்தாள்.

பாலிகிளினிக்கில் பார்த்து கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றியிருக்கிறது, எடுத்தால் நன்றாகத் தெரியும் என்றார் டாக்டர். இது தெரிந்தும் பைக் ஓட்டினீர்களா என்றும் கேட்டார். அழகப்பன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். முறை வரும் வரை லேப்பில் பிளாஸ்டர் கலக்கினார். வேறொரு பையன் பெட்டிகளைக் கொண்டு போனான். “வளைவுல ரொம்பச் சாயுறான், பல்லெல்லாம் என்ன ஆகுமோ” என்று கவலைப்பட்டார். கண் சரியானதும் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி முதலாளி சொல்லியிருந்தார். பூவம்மா ஒவ்வொரு வியாழனும் விளக்குகளைத் தண்ணீரில் அலசி வைத்தாள். குத்துவிளக்கு இப்போது பித்தளை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இனியா ஒரு நாள் பார்த்துவிட்டு, “ஏம்மா இது இவ்ளோ பிளாக்கா இருக்கு?” என்றாள். “சும்மா இரு” என்று கையைக் கிள்ளினாள் பூவம்மா.

வலது கண்ணின் புரையை ஒரு புதன்கிழமை எடுத்தார்கள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கண் மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. அதைத் தினமும் கழுவ வேண்டும் என்று நர்ஸ் சொன்னபோது அழகப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்து, “இதுக்கும் பொடி போட்டுராத, தாயே” என்றார். பூவம்மா நர்ஸுக்கு முன்னாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. மருத்துவமனையில் மூடியை எடுத்துப் பார்த்து, சொட்டு மருந்து கொடுத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். வாடகை வண்டியில் வரும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மழை கழுவிவிட்ட மரங்கள் அத்தனை பச்சையாக இருந்தன. நன்றாகத் தெரிகிறதா என்று பூவம்மா கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம் அவளை வீடு வரை வாயைத் திறக்கவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் காப்பி போட அடுப்படிக்குப் போனாள். தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். கூடத்தில் அவர் நடந்தார். சாமி அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

“பூவு!”

கீழ்வீட்டுக்குக் கேட்கிற சத்தம்.

“என்னங்க?”

“என்னடி இது, விளக்கு இப்படிக் கன்னங்கரேல்னு கெடக்கு? அம்மன் மூஞ்சியே தெரியல! அடித்தண்டு, மணி, தட்டு… ஒன்னக்கூடத் தேய்க்கலையா? எத்தன வாரமா இப்படி?”

பூவம்மா அடுப்படி வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டியிருந்தார், குனியக்கூடாது என்பதற்காக முழங்காலை மட்டும் மடக்கி, அலமாரிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கோபமாக நின்றார். அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதாள்.

“திட்டுங்க,” என்றாள். “இன்னும் கொஞ்சம் திட்டுங்க.”

அழகப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. கறுத்த விளக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். லேப்பில் அவள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. தான் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தது. சத்தம் நின்றது.

“பொடிய எடு,” என்றார். “நான் தேய்க்கிறேன்.”

“குனியக்கூடாது, தண்ணி படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

அவர் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டுபோய் அடுப்படி வாசலில், தொட்டிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப நீ தேய்,” என்றார். “நான் பாக்குறேன்.”

பூவம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புளியை ஊறப்போட்டாள். மேல் தட்டில் இருந்த விளக்குப் பொடி டப்பாவை எட்டி எடுத்தாள்.